மல்டிபிசிக்ஸ் சிமுலேஷன் மென்பொருளைக் கற்பது எப்படி: ஒரு செப்புத் தண்டை முழுமையாகத் தீர்த்துப் பார்த்தல்

மின்னோட்டம் பாயும் கடத்தி சூடாகிறது. சூடானதும் அதன் மின்தடை உயர்கிறது, மின்தடை உயர்ந்ததும் மின்னோட்டம் மாறுகிறது. அதே வெப்பத்தால் உலோகம் விரிய முயல, விரிவதற்கு இடமில்லாதபோது உள்ளே தகைவு உண்டாகிறது. பாடநூல்கள் மின்னியல், வெப்பவியல், பொருள்களின் வலிமை என்று தனித்தனி அத்தியாயங்களில் வைத்திருக்கும் இவை யாவும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டு நடக்கின்றன. அவற்றின் சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பதே மல்டிபிசிக்ஸ் சிமுலேஷன். பேட்டரியின் உள்வெப்பம், பாய்மத்தில் அதிரும் தகடு, அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றும் பீசோ உணரி, தூண்டல் சூடேற்றம் ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்கும்.

இந்த மென்பொருள்களில் எந்த மெனு எங்கே இருக்கிறது என்பதைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். அதைவிடப் பெரிய வேலை வேறொன்று இருக்கிறது. வடிவத்தை வரைந்து, எண்களை நிரப்பி, இயக்கு என்று சொன்னால் மென்பொருள் பெரும்பாலும் ஒரு விடையைத் தந்துவிடும்; தவறான விடையும் சரியான விடையைப் போலவே வண்ணப்படமாகத்தான் வரும். ஆகவே, விடை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை இயக்குவதற்கு முன்பே தாளில் கணக்கிட்டு வைக்கும் பழக்கத்தைத்தான் முதலில் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருபது பயிற்சிப் பாடங்களை மேலோட்டமாகச் செய்து முடிப்பதைவிட, கையால் தீர்க்கக்கூடிய ஒரே ஒரு சிறிய கணக்கை எடுத்துக்கொண்டு அதை இயற்பியல் இயற்பியலாக வளர்த்துச் செல்வது மிகுந்த பலன் தரும். இந்த வழிகாட்டி அப்படியொரு கணக்கை அடிப்படையாகக் கொண்டது.

எந்த மென்பொருள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. உங்கள் ஆய்வகத்திலோ நிறுவனத்திலோ எது இருக்கிறதோ அதையே கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் கேட்டுத் தெளிய ஒருவர் இருப்பது எந்தச் சிறப்பம்சத்தைவிடவும் மதிப்புள்ளது. வணிக மென்பொருள்களில் காம்சால் மல்டிபிசிக்ஸ் பல இயற்பியல்களை ஒரே சூழலில் இணைப்பதற்காகவே வளர்ந்தது. ஃபெம்லேப் என்ற பெயரில் 1998இல் வெளியாகி 2005இல் இப்போதைய பெயரைப் பெற்றது. 1970இல் தொடங்கப்பட்ட ஆன்சிஸ், தனித்தனியாக ஆழமான பல தீர்வு நிரல்களைப் பிற்காலத்தில் ஒரே மேடையில் இணைத்துக்கொண்டது. உரிமம் வாங்க வழியில்லாதவர்களுக்கு, பின்லாந்தின் சிஎஸ்சி மையம் வளர்த்துவரும் எல்மர் நல்ல தொடக்கம். ஜிமெஷ் கொண்டு மெஷ் (வடிவத்தைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலை) அமைத்து, எல்மரில் தீர்த்து, பாராவியூவில் முடிவைப் பார்க்கலாம். மூன்றும் இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள்கள். சமன்பாட்டைத் தானே எழுதித் தீர்க்க விரும்பும் ஆய்வாளர், பைத்தான் தெரிந்தவராக இருந்தால், ஃபெனிக்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் உருவாகி 2014இல் திறந்தமூலமான மூஸ், அணு உலை எரிபொருள் போன்ற நெருக்கமாகப் பிணைந்த கணக்குகளுக்குப் பொருத்தமானது. ஆனால் முதல் மென்பொருளாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதைத் தேர்ந்தாலும், முதல் கணக்கு முடியும்வரை இரண்டாவது மென்பொருளைத் திறக்க வேண்டாம்.

தாளில் தொடங்குதல்

நம் கணக்கு இதுதான். 100 மில்லிமீட்டர் நீளமும், 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரக் குறுக்குவெட்டும் கொண்ட செப்புத் தண்டு. இரு முனைகளும் 20 டிகிரி செல்சியஸில் நிலைநிறுத்தப்பட்டுள்ளன. முனைகளுக்கிடையே 0.05 வோல்ட் கொடுக்கிறோம். பக்கங்களின் வழியே மின்னோட்டமும் வெப்பமும் வெளியேறுவதில்லை என்று கொள்வோம். 20 டிகிரியில் செம்பின் மின்தடை எண் 1.68 × 10⁻⁸ ஓம்-மீட்டர், வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 400 வாட்.

தண்டின் மின்தடை 0.42 மில்லிஓம். ஆகவே மின்னோட்டம் 119 ஆம்பியர், உண்டாகும் வெப்பம் 5.95 வாட். வெப்பம் எங்கும் சீராக உண்டாகி முனைகள் வழியே மட்டும் வெளியேறுவதால், வெப்பநிலை நீளவாக்கில் ஒரு பரவளையமாக அமையும், நடுவில் உச்சம். அந்த உச்ச உயர்வைக் கணக்கிட்டால், வோல்ட்டின் வர்க்கத்தை மின்தடை எண், கடத்துத்திறன், எட்டு ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்த அளவு என்று வருகிறது. அதாவது 46.5 கெல்வின். இந்தச் சூத்திரத்தில் நீளமும் இல்லை, குறுக்குவெட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தண்டை இரு மடங்கு நீளமாக்கினாலும் தடிமனாக்கினாலும், வோல்ட் மாறாதவரை உச்ச வெப்பநிலை மாறாது. மென்பொருளைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது: வடிவத்தை மாற்றி மீண்டும் இயக்கும்போது இந்த எண் நகர்ந்தால் உங்கள் மாதிரியில் எங்கோ பிழை இருக்கிறது.

இயற்பியலை ஒன்றொன்றாகச் சேர்த்தல்

முதலில் மின்னியலை மட்டும் சேர்த்து இயக்குங்கள். ஒரு முனை பூச்சிய வோல்ட், மறு முனை 0.05 வோல்ட். மின்னோட்டம் 119 ஆம்பியராக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் அலகுதான். மில்லிமீட்டரில் வரைந்த வடிவத்தை மீட்டரிலான பொருள் பண்புகளோடு சேர்ப்பது எங்கும் காணப்படும் பிழை. காம்சால் அலகுகளைத் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் அபாகஸ் போன்ற மென்பொருள்கள் அலகையே அறியாதவை: நீங்கள் மில்லிமீட்டர், நியூட்டன், மெகாபாஸ்கல் என்று தொடங்கினால் அடர்த்தியை ஒரு கன மில்லிமீட்டருக்கு இத்தனை மெட்ரிக் டன் என்று தர வேண்டும், எஃகுக்கு அது 7.85 × 10⁻⁹ ஆகும்.

அடுத்து வெப்பத்தைச் சேருங்கள். மின்னியல் கணக்கு தரும் வெப்ப உற்பத்தியை வெப்பச் சமன்பாட்டுக்குள் வெப்ப ஊற்றாகக் கொடுக்க வேண்டும். மின்தடை எண்ணை இப்போதைக்கு மாறிலியாகவே வைத்திருங்கள். இது ஒருவழிப் பிணைப்பு: மின்னியல் வெப்பத்தைப் பாதிக்கிறது, வெப்பம் மின்னியலைப் பாதிப்பதில்லை. உச்ச உயர்வு 46.5 கெல்வினாக வர வேண்டும். அது மட்டும் போதாது. இரு முனைகளிலும் வெளியேறும் வெப்பத்தைப் பரப்பின்மேல் தொகையிட்டுப் பாருங்கள், தலா 2.98 வாட் வந்து, கூட்டல் 5.95ஐ எட்ட வேண்டும். ஆற்றல் சமநிலையை இவ்வாறு சரிபார்ப்பது எல்லாக் கணக்குகளுக்கும் பொருந்தும், கையால் தீர்க்க முடியாதவற்றுக்கும்கூட. எந்தப் பெரிய மாதிரியிலும் உள்ளே வந்ததும் வெளியே போனதும் ஒத்துவராவிட்டால் வண்ணப்படத்தைப் பார்ப்பதில் பயனில்லை.

இனி இருவழிப் பிணைப்பு. செம்பின் மின்தடை எண் ஒரு கெல்வினுக்குச் சுமார் 0.39 சதவீதம் உயர்கிறது. 20 டிகிரியை ஆதாரமாக வைத்து அதை வெப்பநிலையின் சார்பாக எழுதுங்கள். இப்போது கணக்கு நேரியலற்றதாகிவிட்டது. சால்வர், அதாவது மென்பொருளின் தீர்வு நிரல், ஒரே தாவலில் விடையை அடையாமல் பல சுற்றுகள் திரும்பத் திரும்பத் தீர்க்கும். ஆனால் கையால் தீர்க்க முடியாது என்று எண்ண வேண்டாம். மின்னழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் இடையே ஒரு நேரடித் தொடர்பு உண்டு என்று 1900இலேயே ஃபிரீட்ரிக் கோல்ராஷ் காட்டியிருக்கிறார். அதன்படி, முனை வெப்பநிலையிலிருந்து உச்ச வெப்பநிலைவரை மின்தடை எண், கடத்துத்திறன் ஆகியவற்றின் பெருக்கலைத் தொகையிட்டால், அது வோல்ட் வர்க்கத்தின் எட்டில் ஒரு பங்குக்குச் சமம். நம் எண்களை இட்டால் ஓர் இருபடிச் சமன்பாடு வருகிறது. அதன் விடை 42.9 கெல்வின். மின்னோட்டமும் 119இலிருந்து சுமார் 107 ஆம்பியராகக் குறையும். பிணைப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது மென்பொருள் மின்தடை எண்ணை இன்னும் 20 டிகிரியிலேயே எடுத்துக்கொள்கிறதா என்பதை 46.5, 42.9 என்ற இந்த இரண்டு எண்களும் ஐயமின்றிச் சொல்லிவிடும்.

இந்த இடத்தில் நின்று ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்க வேண்டும். வோல்ட்டுக்குப் பதிலாக 119 ஆம்பியர் மின்னோட்டத்தை நிலையாகக் கொடுங்கள். முன்பு மின்தடை உயர்ந்ததும் மின்னோட்டம் குறைந்து வெப்பமும் குறைந்தது. இப்போது மின்னோட்டம் மாறாது. ஆகவே மின்தடை உயரும்போது வெப்பமும் உயர்கிறது, அது மின்தடையை மேலும் உயர்த்துகிறது. உச்ச உயர்வு 46.5ஐத் தாண்டிச் செல்லும். அதே பொருள், அதே சமன்பாடு, அதே பிணைப்பு. எல்லை நிபந்தனை (முனைகளில் நாம் நிலைநிறுத்தும் அளவு) ஒன்று மட்டும் மாறியதால் பிணைப்பின் திசையே தலைகீழாகிவிட்டது. மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்கு மேல் நிலையான தீர்வே இல்லாமல் போகும். சால்வர் ஒருங்க மறுக்கும், அதாவது அதன் சுற்றுகள் ஒரு விடையை நோக்கி நெருங்காது. அந்த மறுப்பு மென்பொருளின் குறை அன்று, இயற்பியல் தரும் செய்தி. உங்கள் சாதனத்தை உண்மையில் எந்த வகை மின்மூலம் இயக்குகிறது என்பதை விசாரிக்காமல் எல்லை நிபந்தனையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மூன்றாவதாகத் தகைவு. நீளவாக்கில் இரு முனைகளும் நகர முடியாதவாறு தடுக்கப்பட்டால், உள்ளே உண்டாகும் அமுக்கத் தகைவு என்பது யங் குணகம், வெப்ப விரிவுக் குணகம், சராசரி வெப்பநிலை உயர்வு ஆகியவற்றின் பெருக்கல். பரவளையத்தின் சராசரி அதன் உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால், ஒருவழிக் கணக்கில் சராசரி உயர்வு 31 கெல்வின். 110 கிகாபாஸ்கலையும் கெல்வினுக்கு 17 × 10⁻⁶ஐயும் கொண்டு பெருக்கினால் 58 மெகாபாஸ்கல். இதைச் சரிபார்க்கும்போது முனைப் பரப்புகளை முழுமையாகப் பிணைக்காமல், பரப்புக்குச் செங்குத்தான நகர்வை மட்டும் தடுங்கள். சமச்சீர் தளங்களைப் பயன்படுத்திக் குறுக்குவெட்டின் கால் பகுதியை மட்டும் வரைந்தால், தண்டு முழுவதுமாகப் பக்கவாட்டில் மிதந்து செல்லும் சிக்கலும் தீர்ந்துவிடும்.

58 மெகாபாஸ்கல் என்ற விடை வந்ததும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இதே மெல்லிய தண்டு இரு முனைகளிலும் சுழலக்கூடிய மூட்டுகளால் பிடிக்கப்பட்டிருந்தால், ஆய்லரின் சூத்திரப்படி சுமார் 36 மெகாபாஸ்கலிலேயே பக்கவாட்டில் வளைந்து நொடித்துவிடும். முனைகள் இறுகப் பதிக்கப்பட்டிருந்தால் அந்த எல்லை நான்கு மடங்கு, அதாவது 145 மெகாபாஸ்கல். நேரியல் நிலைக் கணக்கு நொடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது, ஏனென்றால் அதை நாம் கேட்கவில்லை. வடிவமைப்பில் வேலை செய்பவர் ஒவ்வொரு முடிவையும் பார்த்து, நான் கேட்காமல் விட்டது எது என்று தன்னையே வினவிக்கொள்ள வேண்டும்.

மெஷ்

நம் தண்டின் வெப்பநிலை மிக எளிய வளைவு என்பதால் பருமனான மெஷ்ஷிலும் விடை சரியாகவே வரும். மெஷ்ஷின் ஆபத்தை அது கற்றுத்தராது. அதைக் காண முனைப் பரப்புகளை எல்லாத் திசைகளிலும் முழுமையாகப் பிணைத்துவிட்டு, அந்த முனையின் விளிம்பிலுள்ள உச்சத் தகைவைக் குறித்துக்கொள்ளுங்கள். மெஷ்ஷை இரு மடங்கு நுண்ணியதாக்குங்கள், பிறகு நான்கு மடங்கு. நடுப்பகுதித் தகைவு அசையாது. விளிம்புத் தகைவோ ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும். அங்கே கணித ரீதியான முடிவிலி இருக்கிறது, ஆகவே அந்த எண்ணை அறிக்கையில் எழுதுவதில் பொருளில்லை. உச்ச மதிப்பை மட்டும் படித்துச் சொல்லும் பழக்கத்தை இந்த ஒரு சோதனை நிறுத்திவிடும்.

அலட்சியம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஸ்லைப்னர் ஏ மேடையே சான்று. 1991 ஆகஸ்ட் 23 அன்று, நார்வேயின் ஸ்டவாங்கர் அருகே, கடல் எண்ணெய் மேடையின் மாபெரும் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போது நீர் புகுந்து மூழ்கியது. அறைகள் சந்திக்கும் இடத்துக்கான ஃபைனைட் எலிமென்ட் (வடிவத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துத் தீர்க்கும் முறை) கணக்கில் மெஷ் பருமனாகவும் பொருத்தமற்ற வடிவிலும் அமைந்திருந்ததால், அங்குள்ள சறுக்குத் தகைவு சுமார் 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. அந்தக் கணக்கை நம்பிச் சுவரின் வலுவூட்டலும் குறைத்து அமைக்கப்பட்டிருந்தது.

ஆகவே முக்கியமான ஒவ்வொரு முடிவையும் குறைந்தது மூன்று மெஷ்களில் எடுக்க வேண்டும். கூறுகளின் அளவை ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டு போனால், அடுத்தடுத்த விடைகளின் வேறுபாடு எந்த வேகத்தில் சுருங்குகிறது என்பதிலிருந்து, முடிவிலா நுண்மையில் விடை எங்கே போய் நிற்கும் என்பதை ரிச்சர்ட்சன் முறையால் மதிப்பிடலாம். வேறுபாடு சுருங்கவே இல்லையென்றால் அந்த மெஷ்ஷில் உங்களுக்கு விடை இல்லை.

எங்கே நுண்மை வேண்டும் என்பதையும் இயற்பியலே சொல்கிறது. மாறுமின்னோட்டம் 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம்வரை ஊடுருவும். ஒரு மெகாஹெர்ட்ஸில் அந்த ஆழம் 65 மைக்ரோமீட்டர் மட்டுமே. அந்த மெல்லிய படலத்துக்குள் சில கூறுகளாவது அமையாவிட்டால் வெப்பக் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். அலைகளுக்கு ஓர் அலைநீளத்துக்கு ஐந்தாறு இருபடிக் கூறுகளாவது தேவை. பாய்மம் வெப்பத்தைச் சுமந்துசெல்லும் கணக்கில் கூறு அளவிலான பெக்லே எண் (பாய்மம் வெப்பத்தைச் சுமந்துசெல்வது, வெப்பம் தானே பரவுவதோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு என்ற அளவு) பெரிதாக இருந்தால், வெப்பநிலையில் உண்மையில் இல்லாத அலைவுகள் தோன்றும்.

சால்வர் ஒருங்க மறுக்கும்போது

உடனே சால்வர் அமைப்புகளை மாற்றத் தொடங்குவதுதான் பலரும் செய்வது. அது கடைசி வேலையாக இருக்கட்டும். முதலில் ஆதாரமற்ற மாறி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள்: எங்கும் மின்னழுத்தம் நிலைநிறுத்தப்படாத மின்னியல், எங்கும் வெப்பநிலை சொல்லப்படாத, காலத்தோடு மாறாத வெப்பக் கணக்கு, எங்கும் பிடிக்கப்படாத உடல். இவற்றுக்கு எண்ணற்ற விடைகள் இருப்பதால் சால்வர் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. பிறகு பிணைப்புகளை ஒவ்வொன்றாக அணைத்து, எதைச் சேர்க்கும்போது உடைகிறது என்று கண்டறியுங்கள். தண்டைப் படிப்படியாகக் கட்டியிருப்பவருக்கு இது இயல்பாகவே தெரிந்திருக்கும். அதன் பிறகு சுமையைப் படிப்படியாக ஏற்றுங்கள்: 0.01 வோல்ட்டின் தீர்வை 0.02க்குத் தொடக்க ஊகமாகக் கொடுத்து 0.05ஐ அடையலாம்.

எல்லா மாறிகளையும் ஒரே அணியில் (மேட்ரிக்ஸில்) சேர்த்துத் தீர்ப்பது முழுப் பிணைப்பு முறை. இயற்பியல்களை மாறி மாறித் தீர்ப்பது பிரிப்பு முறை. முன்னது நினைவகத்தை அதிகம் கேட்கும், ஆனால் பிணைப்பு வலுவாக இருக்கும்போது உறுதியானது. பின்னது பெரிய மாதிரிகளுக்கு இலகுவானது, ஆனால் எல்லாவற்றையும் தாங்காது. மெல்லிய தகடு தன் அடர்த்திக்கு நெருக்கமான அடர்த்தியுள்ள பாய்மத்தில் அசையும்போது, ஒவ்வொரு காலப்படியிலும் ஒரு முறை மட்டும் மாறி மாறித் தீர்க்கும் பிரிப்பு முறை காலப்படியைக் குறைத்தாலும் சிதறிப்போகும் என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. காற்றில் அசையும் எஃகுத் தகட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

காலத்தைச் சார்ந்த கணக்குகளுக்கும் தாள் உதவும். நம் தண்டில் வெப்பம் பரவிச் சமநிலை அடையும் காலமாறிலி சுமார் 9 நொடி. மின்னழுத்தமோ அதோடு ஒப்பிட்டால் கணப்பொழுதில் அமைந்துவிடுகிறது. ஆகவே மின்னியலை நிலையானதாகவும் வெப்பத்தை மட்டும் காலத்தோடு மாறுவதாகவும் தீர்த்தால் போதும். இரண்டையும் ஒரே காலப்படியில் பின்தொடர முயல்வது வீண் உழைப்பு.

உங்கள் சொந்தக் கணக்குக்கு நகர்தல்

தண்டு முடிந்ததும் உங்கள் துறைக்கு நெருக்கமான, வெளியிடப்பட்ட ஒப்பீட்டுக் கணக்கு ஒன்றைச் செய்யுங்கள். பாய்மமும் வெப்பமும் பிணைந்த கணக்குக்கு, ஒரு பக்கச் சுவர் சூடாகவும் எதிர்ச்சுவர் குளிராகவும் உள்ள சதுரப் பெட்டியில் காற்றின் இயல்வெப்பச்சலனத்தை டி வால் டேவிஸ் 1983இல் துல்லியமாகத் தீர்த்து வைத்திருக்கிறார்: ராலே எண் (சலனத்தைத் தூண்டும் மிதப்பின் வலிமையைக் காட்டும் அளவு) பத்தாயிரமாக இருக்கும்போது சராசரி நஸ்ஸெல்ட் எண் (வெறும் வெப்பக் கடத்தலைப்போல் எத்தனை மடங்கு வெப்பம் கடக்கிறது என்ற அளவு) 2.243, பத்து லட்சமாக இருக்கும்போது 8.800. பாய்மமும் திண்மமும் பிணைந்தவற்றுக்கு டூரெக், ஹ்ரோன் இருவரும் 2006இல் தந்த கணக்கு பரவலாகப் பயன்படுகிறது.

இவை யாவும் சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்பதை மட்டுமே சோதிக்கின்றன. சரியான சமன்பாட்டைத்தான் தீர்த்தோமா என்ற கேள்விக்கு அளவீடு வேண்டும். பக்கங்கள் வழியே வெப்பம் போகாது என்று நாம் எடுத்துக்கொண்டதைப் பாருங்கள். அசையாத காற்றுக்குச் சதுர மீட்டர்-கெல்வினுக்கு 10 வாட் என்று வைத்தால், தண்டின் பக்கங்கள் வழியே சுமார் 0.2 வாட் வெளியேறும். மொத்தத்தில் ஏறத்தாழ 4 சதவீதம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முனைகளை இணைக்கும் இடங்களில் தலா 20 மைக்ரோஓம் தொடுமின்தடை இருந்தால், 420 மைக்ரோஓம் தண்டுக்கு அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இருவழிப் பிணைப்பு மின்னோட்டத்தில் உண்டாக்கிய மாற்றமும் அதே பத்து சதவீதம்தான். மின்வழங்கியின் முனைகளில் மட்டும் வோல்ட்டை அளந்துவிட்டு, மின்னோட்டம் ஒத்துவருகிறது என்பதால் மாதிரி சரி என்று முடிவு செய்தால், தொடுமின்தடையைப் பிணைப்பு என்று தவறாக எண்ணியிருக்கக்கூடும். மின்னோட்டம் செல்லும் கம்பிகளிலிருந்து தனியாக இரண்டு கம்பிகளைத் தண்டின் மீதே பொருத்தி வோல்ட்டை அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். சிமுலேஷன் செய்பவரும் அளவீடு செய்பவரும் வெவ்வேறு நபர்களாக இருந்தால், கருவிகள் பொருத்தப்படுவதற்கு முன்பே இதைப் பேசி முடிக்க வேண்டும்.

ஒவ்வொரு இயக்கத்தோடும் மென்பொருளின் பதிப்பு எண், பொருள் பண்புகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன, அவை எந்த வெப்பநிலை வரம்புக்குச் செல்லுபடியாகும், மூன்று மெஷ்களின் கூறு எண்ணிக்கையும் விடைகளும், சால்வரின் பிழை வரம்பு, ஆற்றல் சமநிலையில் மிஞ்சிய வேறுபாடு, முன்கூட்டியே தாளில் கணக்கிட்ட எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் எழுதி வையுங்கள். ஆய்வுக் கட்டுரையை மதிப்பிடுபவரோ வடிவமைப்புக்கு ஒப்புதல் தருபவரோ வண்ணப்படத்துக்கு அடுத்தபடியாகக் கேட்பது இந்தக் கோப்பைத்தான்.